பாலருக்கு மரவள்ளிப் பாடம்

கிராமத்துப் பாலர் தாம் நாள்தோறும் காணும் பொருள்களைப் பற்றியே பள்ளியில் மிகக் குறைவாகக் கற்கின்றனர். சேலம் ஜில்லாவின் ஆத்தூர்ப் பக்கத்திலும், நாமக்கல் ஜில்லாவின் இராசிபுரம், சேந்தமங்கலம் பகுதிகளிலும் வளரும் பிள்ளை, மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டிகளைச் சாலையில் கண்டவாறே பள்ளிக்கு வருகிறது. அதன் வீட்டுக் கடனும், துணிமணியும், திருவிழாச் செலவும் அக்கிழங்கின் விலையையே பெரிதும் நம்பியுள்ளன. ஆயினும் பள்ளிக்குள் நுழைந்தபின் அப்பிள்ளை தன் ஊரில் விளையாத ஆப்பிளின் படத்தைக் கண்டு எழுத்துக் கற்கிறது.

இதனால் வரும் குறை அறிவுக் குறை மட்டுமானால் பொறுத்துக் கொள்ளலாம். ஆனால் மரவள்ளி, பக்குவம் செய்யாமல் உண்டால் உயிருக்கே கேடு செய்யவல்ல பயிர். தோட்டத்தில் தனியே விளையாடும் ஐந்து வயதுக் குழந்தைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மரவள்ளி விளையும் ஊர்களில் ஒன்று முதல் மூன்று வகுப்புகள் வரையுள்ள பிள்ளைகளுக்கு, இப்பயிரைப் பற்றி ஓராண்டுப் பாடம் ஒன்றை நடத்துவது எவ்வாறு என்பது இங்கே விவரிக்கப்படுகிறது. இதற்குப் பணச்செலவு ஏதுமில்லை. பத்துக் குச்சிகளும், பள்ளியருகே சிறிது நிலமும், உபாத்தியாயரின் ஊக்கமும் போதுமானவை.

பெயரும் வரலாறும்

பாடத்தைப் பெயரிலிருந்தே தொடங்கலாம். சேலம் பக்கத்தார் இதனைக் குச்சிக் கிழங்கு என்பர். கன்னியாகுமரி ஜில்லாவில் மரச்சீனி என்றும், கப்பைக் கிழங்கு என்றும், சிற்சில இடங்களில் ஏழிலைக் கிழங்கு என்றும் வழங்குவர். குச்சியை நட்டு வளர்ப்பதால் ஒரு பெயர். விரல்களைப் போல் பிரிந்த இலையால் மற்றொரு பெயர். ஓர் இலையில் எத்தனை விரல்கள் உள்ளனவென்று பிள்ளைகளையே எண்ணச் செய்தால், சிலவற்றில் ஐந்தும், சிலவற்றில் ஏழும், சிலவற்றில் மூன்றும் இருக்கக் காண்பார்கள். முதல் வகுப்புக்கு இதுவே அன்றைய கணக்குப் பாடமாகும்.

இக்கிழங்கு இத்தேசத்தின் ஆதிப் பயிரன்று. இதன் பிறப்பிடம் தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் தேசம். போர்ச்சுகீசியர் இதனைக் கப்பல் வழியே ஆப்பிரிக்காவுக்கும், பின்னர் மலையாளக் கரைக்கும் கொண்டுவந்தனர். திருவிதாங்கூர் இராஜ்யத்தில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இப்பயிரைக் குடிகளிடையே பரப்பினார். விஷக் கிழங்கென்று ஜனங்கள் அஞ்சியபோது, அதனை முறைப்படி வேகவைத்துத் தம் அரண்மனையிலேயே உண்டு காட்டினார் என்று சொல்லப்படுவதுண்டு. இக்கதையைக் குழந்தைகள் விரும்பிக் கேட்பார்கள். அதிலுள்ள இரண்டு செய்திகளும், அதாவது கிழங்கில் விஷமுண்டு என்பதும், வேகவைத்தால் அது நீங்கும் என்பதும், பின்னால் வரும் முக்கியமான பாடத்துக்கு அடிப்படையாகும்.

நடுதல்

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் குச்சி நட்டால், ஆண்டு இறுதியில், அதாவது மார்ச்சு மாதக் கடைசியிலோ ஏப்ரல் மாதத்திலோ, கிழங்கு வெட்டலாம். ஏறத்தாழப் பத்து மாதப் பயிராகிய மரவள்ளி, பள்ளி ஆண்டோடு இவ்வாறு பொருந்தி வருவது பெரிய வசதி. நட்ட கையே வெட்டுவதையும் பிள்ளைகள் காணலாம். இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும் கீரைப் பாத்தியில் இவ்வளவு பொறுமையைக் கற்க இயலாது.

நடுவதற்குரிய குச்சியை ஊர்க் குடியானவர் ஒருவரிடம் கேட்டுப் பெறலாம். அவரையே பள்ளிக்கு அழைத்து, குச்சி நறுக்கும் முறையைப் பிள்ளைகளுக்குக் காட்டச் செய்வது இன்னும் நலம். தகப்பன்மாரின் தொழிலறிவைப் பள்ளி மதிக்கிறது என்பதைப் பிள்ளைகள் அன்று உணர்வார்கள். நன்கு முற்றிய, நோயற்ற தண்டின் நடுப்பாகத்திலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள துண்டுகளை நறுக்க வேண்டும். துண்டு ஒன்றில் எட்டுக்குக் குறையாத கணுக்கள் இருப்பது நல்லது. அறுவாளைப் பெரியவர்கள் மட்டுமே தொட வேண்டும். கணுக்களை எண்ணுவது பிள்ளைகளின் வேலை.

இலைகளில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுக்கள் தோன்றி, இலை சுருங்கி நெளிந்திருக்கும் செடியிலிருந்து குச்சி எடுக்கக் கூடாது. அது தேமல் நோய் கண்ட செடி. வெள்ளை ஈயும், நோயுற்ற குச்சியும் அந்நோயைப் பரப்புகின்றன. நல்ல இலை ஒன்றையும் தேமல் கண்ட இலை ஒன்றையும் அருகருகே வைத்து வேறுபாடு கேட்டால், சிறு குழந்தைகளும் தவறாமல் சொல்லிவிடும்.

மண்ணைக் கொத்திப் பொலபொலவென்றாக்கி, நீர் தேங்காதவாறு பார் கட்டி, செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி விட்டுக் குச்சிகளைச் செங்குத்தாக நட வேண்டும். கணுவிலுள்ள மொட்டு மேல்நோக்கி இருப்பது அவசியம். பத்துக் குச்சிகளை ஒரே வரிசையில் நட எவ்வளவு நீளமுள்ள இடம் வேண்டும் என்று மூன்றாம் வகுப்பைக் கேட்கலாம். பலரும் முப்பது அடி என்பார்கள். பத்துக் குச்சிகளுக்கு நடுவே ஒன்பது இடைவெளிகளே உண்டு என்பதை நிலத்தில் நின்று எண்ணிப் பார்க்கும் பிள்ளை அதைப் பின் மறவாது.

பத்து முதல் பதினைந்து நாட்களுக்குள் முளைகள் தோன்றும். ஒரு மாதம் சென்றபின், எதிரெதிராக உள்ள வலுவான இரண்டு முளைகளை நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் களைய வேண்டும். ஏன் களைகிறோம் என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்து கட்டாயம் வரும். ஒரு சட்டிச் சோற்றை இருவர் உண்பதற்கும் எண்மர் உண்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு செடிக்கும் இரண்டு பிள்ளைகளைப் பொறுப்பாளிகளாக்கி, மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் கயிற்றால் அளந்து, அக்கயிற்றின் நீளத்தைச் சுவரில் கோடிட்டுக் குறிக்கச் செய்யலாம்.

வேரா, தண்டா?

மண்ணுக்குள் இருப்பதெல்லாம் ஒன்றே என்று பாலர் எண்ணுவது இயல்பு. உருளைக் கிழங்கையும் மரவள்ளிக் கிழங்கையும் அவர்கள் கையில் கொடுத்து, எதில் கண்கள் உள்ளன என்று தேடச் சொல்ல வேண்டும். உருளைக் கிழங்கில் கண்கள் உண்டு. அக்கண்களிலிருந்து முளை வரும். ஏனெனில் அது மண்ணுக்குள் பருத்த தண்டு. மரவள்ளிக் கிழங்கோ பருத்த வேர். அதில் கண்ணில்லை; அதனை நட்டால் முளைக்காது.

இதைச் சொல்லி விடுவதைவிடச் செய்து காட்டுவது மேல். ஒரு மூலையில் மரவள்ளிக் கிழங்குத் துண்டு ஒன்றையும், அதன் பக்கத்தில் குச்சி ஒன்றையும் புதைத்து அடையாளமிட்டு வைக்கலாம். மூன்று வாரத்தில் குச்சி இலை விட்டிருக்கும். மற்றதைத் தோண்டிப் பார்த்தால் அது அழுகிக் கிடக்கும். கைத்தொழிலின் வழியாகக் கல்வி புகட்ட வேண்டும் என்று 1937ஆம் ஆண்டில் வார்தாவில் வகுக்கப்பட்ட ஆதாரக் கல்வித் திட்டத்தின் கருத்தும் இதுவே. கை கண்டதை மனம் விடாது.

முக்கியமான பாடம்

மேலே கூறிய யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. அதனை நடவு நாளன்றே தொடங்கி, ஆண்டு முழுதும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: மரவள்ளியைப் பச்சையாகத் தின்னலாகாது. கிழங்கும், தோலும், இலையும், தண்டும் இவ்விதிக்கு உட்பட்டவையே.

காரணம் இது. மரவள்ளியின் உடலில் இனிப்புச் சத்தோடு பிணைந்த ஒரு பொருள் உண்டு. அதனைச் சிதைக்கவல்ல மற்றொரு பொருளும் அதே செடியில் உண்டு. செடி முழுமையாக இருக்கும்வரை இவ்விரண்டும் தனித்தனியே இருக்கின்றன. கடித்தாலும், நறுக்கினாலும், அரைத்தாலும் அவை ஒன்று கலக்கின்றன; அப்போது ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய விஷம் வெளிப்படுகிறது. பாலருக்கு இதனை ஒரு வீட்டின் இரண்டு அறைகளில் பூட்டி வைத்த இரு பொருள்களாகக் கூறலாம். சுவர் இடியாதவரை தீங்கில்லை. பல் பட்டதும் சுவர் இடிகிறது.

கிழங்கின் சதையைவிடத் தோலிலும் இலையிலும் இவ்விஷம் மிகுதி. இனிப்பு ரகங்களில் குறைவாகவும், கசப்பு ரகங்களில் மிகுதியாகவும் இருக்கும். ஆலைக்கென்று பயிரிடும் ரகங்களை வீட்டு உணவுக்குரியவையென்று எண்ணி எடுப்பது தகாது. மழை பொய்த்து நிலம் வறண்ட ஆண்டில், வழக்கமாக உண்ணும் ரகத்திலும் விஷத்தின் அளவு கூடுவதுண்டு. ஆகவே, "போன வருஷம் தின்றோமே, ஒன்றும் செய்யவில்லையே" என்று கூறுவது பாதுகாப்பாகாது. நாக்கில் வைத்துப் பார்ப்பதும் நம்பத்தக்க சோதனையன்று. குழந்தையின் உடல் சிறிது. பெரியவர் தாங்கும் அளவைக் குழந்தை தாங்காது.

பக்குவ முறையைப் பிள்ளைகள் வரிசையாகச் சொல்லப் பழக வேண்டும். தோலை, உட்புறத்துத் தடித்த பட்டையோடு முழுதும் உரித்தெடுத்தல். சிறு துண்டுகளாக நறுக்கிக் கழுவுதல். நிறைய நீரில் பாத்திரத்தை மூடாமல் நன்கு வேகவைத்தல். வெந்த நீரைக் கீழே வடித்துவிடுதல். விஷம் நீரில் கரைந்தும் ஆவியோடு கலந்தும் வெளியேறுகிறது. மூடியிட்டுக் குறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரையே குழம்பாக்கும் சிக்கனம் இக்கிழங்குக்கு ஆகாது. வெட்டிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தாங்காது. உள்ளே நீலமும் கருமையுமாகக் கோடு விழுந்ததை ஒதுக்கிவிட வேண்டும்.

பச்சைக் கிழங்கைத் தின்றவர்க்கு வாந்தி, தலைசுற்றல், தலைவலி, வயிற்றுவலி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றும். அப்படிக் கண்டால் கைவைத்தியம் செய்து காலங்கடத்தாமல், எதைத் தின்றதென்று சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இவ்வளவு கற்பித்தால் போதும்: தோழன் பச்சைக் கிழங்கைத் தின்பதைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்துவது, தின்றுவிட்டான் என்றால் அடிக்கு அஞ்சி மறைக்காமல் பெரியவரிடம் ஓடிச் சொல்வது. இவ்வாறு ஓடி வந்து சொல்லும் பிள்ளையை எவரும் அடிப்பதில்லை என்ற உறுதியை உபாத்தியாயர் பெற்றோரிடமும் பெற்றுத்தர வேண்டும்.

ஆடு மாடுகளைப் பற்றியும் இங்கே கூறலாம். மரவள்ளித் தழையையும் தோலையும் மேய்ந்து கால்நடைகள் மடிவதுண்டு. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் பலர் வகுப்பில் இருப்பர். கிழங்குத் தோலைப் பட்டியருகே கொட்டலாகாது என்பதை அவர்கள் வீட்டில் சொல்வார்கள். வீட்டார் கேட்காவிட்டாலும் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

தட்டில் உடன் வைக்க வேண்டியவை

மரவள்ளி பசியாற்றும் கிழங்கு என்பதில் ஐயமில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, திருவிதாங்கூரில் ஏழைகளைத் தாங்கி நின்ற உணவுகளுள் இதுவும் ஒன்று. நூறு கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 160 கலோரி வலுவும், 38 கிராம் மாவுப் பொருளும் உண்டு. ஆயின் தசையை வளர்க்கும் புரதம் அதில் ஒன்றரை கிராமுக்கும் குறைவே. வயிறு நிறைந்தும் உடல் வளராத குழந்தை இதனால் உண்டாகும்.

இக்குறையைப் போக்க வழியுண்டு. கன்னியாகுமரி ஜில்லாவில் மரச்சீனிக் கிழங்கோடு மீன் குழம்பு சேர்த்து உண்ணும் வழக்கம் சுவையை மட்டும் கருதியதன்று; கிழங்கில் இல்லாததை மீன் தருகிறது. மீன் கிட்டாத உள்நாட்டு ஊர்களில் பச்சைப் பயறு, தட்டைப் பயறு, நிலக்கடலைத் துவையல், முட்டை, மோர் ஆகியவற்றுள் இயன்றதைச் சேர்க்கலாம்; முருங்கைக் கீரையும் உடன் இருப்பது நன்று.

உடன் சேர்ப்பது ஏன் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்றுண்டு. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் தேசத்தின் நம்புலா பகுதியில் 1981ஆம் ஆண்டு மழை பொய்த்தது. ஜனங்கள் கசப்பு மரவள்ளியையே, அதுவும் பக்குவம் குறைந்த நிலையில், பயறும் மீனும் இன்றி வாரக்கணக்கில் உண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கால்கள் விறைத்து நடக்க இயலாதவராயினர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்நோய்க்குக் கொன்சோ என்று பெயர். கட்டுண்ட கால்கள் என்பது அச்சொல்லின் பொருள். உடலில் புகும் சிறிதளவு விஷத்தை முறிப்பதற்குப் புரத உணவிலுள்ள கந்தகச் சத்து வேண்டும். அது குறையுமிடத்தில் விஷம் மேலோங்குகிறது. இதனைப் பாலருக்குச் சொல்லி அச்சுறுத்த வேண்டுவதில்லை. உபாத்தியாயரும் தாய்மாரும் அறிந்திருப்பது அவசியம்.

கிழங்கு ஜவ்வரிசியாதல்

சாலையில் செல்லும் வண்டி எங்கே போகிறது என்பது பிள்ளைகளின் இயற்கையான கேள்வி. அதற்கு வகுப்பிலேயே விடை காட்டலாம். உபாத்தியாயர் கிழங்கைத் தோலுரித்துத் துருவி, நீர் விட்டுப் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டி, பால் போன்ற அந்நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் வெண்ணிற மாவு படியும். மேல் நீரைக் கால்நடை குடிக்காத குழியில் கொட்டிவிட வேண்டும். பிள்ளைகள் எதையும் வாயில் வைக்காமலும், பின்னர்க் கைகளைக் கழுவுவதிலும் கவனம் வேண்டும். நல்ல கிழங்கின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாவுச் சத்தாகும்.

ஆலைகளிலும் நடப்பது இதுவே, அளவுதான் பெரிது. ஈர மாவைத் துணித் தூளியில் இட்டு ஆட்ட, அது சிறு மணிகளாகத் திரளும். சலித்து, சூடேற்றி, வெயிலில் உலர்த்தினால் ஜவ்வரிசியாகும். தம்பி தங்கையைத் தூளியில் ஆட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ஜவ்வரிசி முதலில் மலேயா, ஜாவா பக்கங்களில் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுத்ததாகும். யுத்த காலத்தில் அவ்வரவு நின்றபின், சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து அதனைச் செய்யும் தொழில் வேரூன்றியது. ஆலையினர் தனித்தனியே விற்று நஷ்டமடையாதிருக்க 1981ஆம் ஆண்டில் சேலத்தில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சேலம் ஜவ்வரிசி 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது.

கிழங்கின் விலை எடையை மட்டும் பொறுத்ததன்று. அதிலுள்ள மாவுச் சத்தின் அளவையும் பொறுத்தது. மாவு மிகுந்த கிழங்கு கனமுள்ளது. காற்றில் ஒருமுறையும் நீருக்குள் ஒருமுறையும் நிறுத்துப் பார்த்து, எடை வேறுபாட்டினால் மாவின் அளவை மதிப்பிடுவது ஒரு முறை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதன் கணக்கு எட்டாது. ஆயினும் ஒரே அளவாகத் தோன்றும் இரு கிழங்குகள் ஒரே எடையுள்ளவை அல்ல என்பதைத் தராசில் காட்டலாம். தன் தகப்பனாரின் கிழங்கைப் பிறர் அளக்கும்போது, எதை அளக்கிறார்கள் என்று கேட்கும் அறிவின் முதற்படி இதுவாகும்.

அறுவடை நாள்

ஆண்டு முடிவில் பெற்றோரை அழைத்துக் கிழங்கு வெட்ட வேண்டும். நன்கு வளர்ந்த செடியொன்றில் இரண்டு மூன்று கிலோ கிழங்கு கிடைக்கலாம். ஒவ்வொரு செடியின் விளைவையும் நிறுத்து எழுதி, எது கூடிற்று, எது குறைந்தது, ஏன் என்று பிள்ளைகளையே சொல்லச் செய்யலாம். பின்னர் எல்லாக் கிழங்கையும் ஒன்றாகச் சேர்த்துச் சமபங்காகப் பிரிக்க வேண்டும். தன் செடியில் குறைவாக விளைந்த பிள்ளையும் சமபங்கு பெறும்போது, கூட்டுறவு என்ற சொல்லின் பொருள் விளக்கமின்றியே புரியும். உண்ணத்தக்க இனிப்பு ரகத்தை நட்டிருந்தால், தாய்மார் பள்ளியிலேயே அதனை முறைப்படி வேகவைத்துப் பயற்றுச் சுண்டலோடு வழங்கலாம்.

அன்று எழுத்துப் பரீட்சை வேண்டுவதில்லை. ஐந்து கேள்விகள் போதும். கிழங்கு வேரா, தண்டா? குச்சியை எந்தப் பக்கம் மேலாக நட வேண்டும்? பச்சையாகத் தின்றால் என்ன நேரும்? வேகவைத்த நீரை என்ன செய்ய வேண்டும்? தட்டில் கிழங்கோடு வேறென்ன வேண்டும்? மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கு வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் விடை சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை தவறினாலும், அப்பிள்ளை சரியாகச் சொல்லும்வரை பாடம் முடிந்ததாகக் கருதலாகாது.

அடுத்த ஜூன் மாதத்துக்கு வேண்டிய குச்சிகளை அந்நாளிலேயே நோயற்ற செடிகளிலிருந்து தேர்ந்தெடுத்து, கட்டுக் கட்டி, நிழலில் நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். புதிதாகச் சேரும் பாலருக்கு அவற்றை எடுத்துக் கொடுத்து நடக் கற்பிக்கும் பொறுப்பை, இவ்வாண்டு நட்டு வெட்டிய பிள்ளைகளிடமே விடலாம்.